பேர் வெட்டிய ஏனங்கள்

கும்பகோணத்துப் பக்கத்து வீடென்றால் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொல்லைக் கிணற்றடியில் புளியும் சாம்பலும் போட்டுத் தவலை தேய்க்கிற சத்தத்தில்தான் நமக்கு விழிப்பு. பித்தளையில் தேங்காய் நார் உரசும் கரகரப்பு, ஈரப்புளி வாசம். அது அடங்குவதற்குள் டவராவில் காபி வந்துவிடும்.

எதை எதில் செய்வது என்பதில் பாட்டியிடம் பேச்சுக்கே இடமில்லை. சாதம் வெங்கலப்பானையில். வத்தக்குழம்பு கல்சட்டியில். புதுச் சட்டியென்றால் நாள்கணக்கில் வடிகஞ்சி ஊற்றிப் பழக்கிய பிறகே அடுப்பேறும். இறக்கி வைத்தும் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்குமே, அந்த வாசத்துக்கே ஒரு பிடி சாதம் கூடுதலாக இறங்கும். ரசத்துக்கு ஈயச்சொம்பு. வெள்ளீயம் 232 டிகிரிக்கே உருகிவிடும். விறகடுப்புக்கு அது ஒரு சூடா? புளித்தண்ணீர் விட்டுத்தான் தணலில் வைக்க வேண்டும். புதிதாக வந்த சித்தி ஒருநாள் வெறும் சொம்பை ஏற்றிவிட்டுக் கறிவேப்பிலை பறிக்கப் போனாள். திரும்பி வந்தால் சொம்பைக் காணோம், சாம்பலில் பளபளவென்று ஒரு கட்டி. பாட்டி திட்டவில்லை. கட்டியைக் கழுவித் துணியில் முடிந்து வைத்தாள், எடைக்கு ஆகுமென்று.

பொங்கலுக்கு முன்னால் ஈயம் பூசுகிறவர் வருவார். வேப்பமரத்தடியில் குழி தோண்டிக் கரி பரப்பி, துருத்தி ஊதுவார். ஏனம் காய்ந்ததும் நவச்சாரம் தூவினால் குப்பென்று வெள்ளைப் புகை. மூக்கு எரியும், ஆனாலும் நாம் நகர மாட்டோம். ஈயக்குச்சியால் ஒரு தொடு, பழந்துணியால் சுழற்றி ஒரு துடைப்பு. கறுத்துக் கிடந்த உள்பக்கம் முகம் பார்க்கலாம் போலாகிவிடும். இனிப் புளி பட்டாலும் களிம்பு பயமில்லை.

ஒவ்வொரு ஏனத்தின் கழுத்திலும் புள்ளிப்புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கும். அக்காரவடிசல் உருளியில் கொள்ளுப்பாட்டி பேர். தெருவில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கு இரவல் போனாலும் அந்த எழுத்தைப் பார்த்துத்தான் திரும்பி வரும்.

எவர்சில்வர் வந்தது. தேய்க்க ஆளும் இல்லாமல் போனது. பாகம் பிரித்தபோது அண்டா, தவலை, உருளி எல்லாம் தராசில் ஏறின. பேர் வெட்டிய இடத்துக்குத் தள்ளுபடி கேட்காமல் விட்டார்களே, அதுவே பெரிது.

இப்போது ஊருக்குப் போனால் லாட்ஜில்தான் தங்கல். அங்கே வரவேற்பறையில் ஒரு வெங்கல உருளி; தண்ணீர் ஊற்றி ரோஜா இதழ் மிதக்க விட்டிருக்கிறார்கள். கழுத்தில் ஏதாவது எழுத்து தெரிகிறதா என்று குனிந்தேன். “சார், தொடாதீங்க” என்றார் வாட்ச்மேன்.