கால்கவசம் கட்டிய கதை

தவக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டு முன்னறை ஒரு சிறு பட்டறையாக மாறிவிடும். கெட்டி அட்டையும், பசையும், கத்தரிக்கோலும், வெள்ளி நிறச் சாயமும் தரையெங்கும் பரந்து கிடக்கும். வானகரத்தில் நாங்கள் குடியேறிய நாள் முதல், பெரிய வெள்ளியன்று நடைபெறும் திருப்பாடுகளின் காட்சிக்குப் போர்வீரர் உடைகளும் கவசங்களும் செய்து கொடுப்பது எங்கள் இருவருக்கும் வாய்த்த சிறு பணி. எங்களில் ஒருவர் அட்டையை வெட்ட, மற்றவர் தையல் இயந்திரத்தின் முன் அமர்வார். பூந்தமல்லி நெடுஞ்சாலையின் லாரி இரைச்சலும் அந்த இயந்திரத்தின் ஓசையும் நள்ளிரவு வரை போட்டியிட்டுக் கொண்டிருக்கும்.

ஆண்டவரின் பாடுகளை நடித்துக் காட்டும் வழக்கம் உலகின் பல மூலைகளில் வேரூன்றியது. ஜெர்மனியில் ஓபராமெர்காவ் என்னும் சிற்றூரார், கொள்ளைநோயின் கொடுமையைக் கண்டு 1633ஆம் ஆண்டில் செய்துகொண்ட நேர்ச்சையின்படி, 1634 முதல் இந்நாடகத்தை நடத்தி வருகின்றனர். பத்தாண்டுகளுக்கு ஒருமுறை வரும் அந்நாடகம், 2020இல் புதிய கொள்ளைநோய் ஒன்றினால் தடைப்பட்டு, 2022இல் அரங்கேறியது. யாழ்ப்பாணத்தில் மரிய சேவியர் அடிகளார் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் பல தவக்காலங்களில் திருப்பாடுகளின் நாடகங்களை மேடையேற்றியிருக்கிறது. அங்கெல்லாம் கைதேர்ந்த கலைஞர்கள் இருக்கிறார்கள். நமது பங்குகளிலோ அம்மாவின் பழைய சேலை பிலாத்துவின் மேலாடையாகும். அட்டைப்பெட்டி உரோமையரின் மார்க்கவசமாகும். அதில் குறையொன்றும் இல்லை. குறை நேர்ந்தது வேறோர் இடத்தில்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மகனுக்கு நூற்றுவர் தலைவர் வேடம் கிடைத்தது. அப்போது அவனுக்கு வயது பதினைந்து. சிலுவையடியில் நின்று, இறந்தவர் யாரென்று உலகறியச் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தை அவன் மாதக்கணக்கில் மனத்துள் சொல்லிக்கொண்டிருந்தான். நாங்களும் எங்கள் திறமை முழுவதையும் அவனுடைய கால்கவசத்தில் காட்டினோம். பாரிமுனைக்குச் சென்று பளபளக்கும் வெள்ளித் தாள் வாங்கி வந்து அட்டையின்மேல் ஒட்டினோம். முழங்கால் மேட்டில் ஒரு சிங்க முகம்கூட வரைந்தோம். பின்புறம் இரண்டு துளையிட்டு, சணல் கயிற்றால் கெண்டைச்சதையின் நடுவில் இறுக்கிக் கட்டினோம்.

ஒத்திகையின்போது அவன் இருமுறை சொன்னான்: "அப்பா, இது கீழே கீழே இறங்குது." "கொஞ்சம் இறுக்கிக் கட்டினால் சரியாயிடும்" என்றோம். "அம்மா, வலிக்குது" என்றான். "ஆண்டவர் பட்ட பாட்டுக்கு இது ஒரு வலியா?" என்றோம். அன்று அந்த மறுமொழி பக்தியாகத் தோன்றியது. இன்று நினைத்தால் நாணமாக இருக்கிறது.

பெரிய வெள்ளி மாலை அவன் சிலுவையை நோக்கி நாலடி எடுத்து வைத்திருப்பான். வலது கால்கவசம் வழுக்கி இறங்கிக் கணுக்காலில் விழுந்தது. அதன் கயிறு மற்றொரு காலில் சிக்க, நூற்றுவர் தலைவர் சிலுவையடியில் குப்புற விழுந்தார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தொற்றிப் பரவியது. எழுந்து நின்று அவன் சொன்ன வாக்கியம் முதல் வரிசைக்குக்கூட எட்டவில்லை. இரவில் காலைக் கழுவும்போது பார்த்தோம். கயிறு அழுத்திய இடம் சிவந்து தடித்திருந்தது. "நான்தான் சொன்னேனே" என்று அவன் ஒரு முறையாவது சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் ஒன்றுமே சொல்லவில்லை. அடுத்த ஆண்டு வேடம் கொடுக்க அழைத்தபோது, வரமாட்டேன் என்று மட்டும் சொன்னான்.

எங்கள் தெருவில் முதியவர் ஒருவர் இருக்கிறார். காஞ்சிபுரம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்தவர். இளமையில் தெருக்கூத்தில் வேடம் கட்டியவர். அந்தக் கவசத்தை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, பார்க்க அழகா இருக்கு. ஆனா நடக்கிற காலுக்கு ஆகாது. கால் என்ன தூணா? மேலே ஒடுங்கி, நடுவிலே புடைச்சு, மறுபடியும் கீழே ஒடுங்குது. புடைச்ச இடத்திலே கட்டினா எப்படி நிற்கும்?"

பொழுது விடியும்வரை ஆடும் கூத்தர்கள் மரக்கட்டையில் செய்த முடியும் தோள்கட்டையும் அணிகிறார்கள். கனம் குறைவதற்காகக் கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்தையே தேடுகிறார்கள். சலங்கையை வெறுங்காலில் கட்டுவதில்லை; முதலில் துணியைச் சுற்றி, அதன்மேல்தான் கட்டுகிறார்கள். இவற்றையெல்லாம் அவர் எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். அவரிடம் கேட்டதையும், பிறகு நாங்களே தவறித் தவறிக் கற்றதையும், பிள்ளைகளுக்கு வேடம் கட்டிவிடும் பெற்றோருக்காக இங்கே எழுதுகிறோம்.

கால்கவசத்துக்கு இரண்டு கட்டுகள் வேண்டும். மேல்கட்டு முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கெண்டைச்சதை புடைக்கத் தொடங்குமுன் உள்ள ஒடுங்கிய இடத்தில் அமைய வேண்டும். அதற்குக் கீழே சதை புடைத்திருப்பதால் கட்டு இறங்காது. பாரத்தைத் தாங்குவது இதுவே. கீழ்க்கட்டு கணுக்காலுக்கு மேலே. அது கவசம் ஆடாமல் இருப்பதற்கு மட்டுமே. அதை இறுக்கவேண்டியதில்லை.

கவசத்தின் மேல்விளிம்பு முழங்காற்சில்லுக்கு இரண்டு விரல் கீழே நிற்கவேண்டும். இல்லையேல் முழந்தாளிடும்போது குத்தும். கீழ்விளிம்பு புறங்காலைத் தொடாமல் இருக்கவேண்டும். தொட்டால் படியேறும்போது கவசத்தை மேலே தள்ளும். அட்டைக்குப் பதிலாக இக்காலத்தில் கிடைக்கும் நுரைப்பாய் சிறந்தது. இலேசானது, சூடு காட்டினால் காலின் வளைவுக்கு வளையும். ஆனால் அந்த வேலையைப் பெரியவர்களே செய்யவேண்டும்.

கயிறு வேண்டவே வேண்டாம். இரண்டு விரல் அகலமுள்ள நாடாவே தோலை அறுக்காது. நடக்கும்போது சதை விரிந்து சுருங்குவதால், நாடாவில் ஒரு சாண் அளவுக்கு எலாஸ்டிக் சேர்த்துத் தைத்தால் கட்டு காலோடு சேர்ந்து மூச்சு விடும். நாடாவை அட்டையில் வெறுமனே ஒட்டாதீர்கள். உட்புறம் ஒரு கெட்டித் துணித்துண்டை வைத்து, அதனோடு சேர்த்துத் தைத்தால்தான் அட்டை கிழியாது. செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் கொடுத்தால் துளைகளுக்கு உலோக வளையமும் அடித்துத் தருவார்.

ஒட்டுப்பட்டி, அதாவது வெல்க்ரோ, அவசரத்தில் அணியவும் கழற்றவும் ஏற்றது. சுவிட்சர்லாந்து நாட்டு ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்பவர், தம் நாயின் உரோமத்தில் ஒட்டிக்கொண்ட முட்காய்களைக் கண்டு இதை உருவாக்கினாராம். நமது வேட்டியில் நாயுருவி ஒட்டுவதும் இதே போன்றதுதான். ஆனால் பின்னால் பசை தடவி விற்பதை நம்பலாகாது. நமது ஏப்ரல் வெயிலில் பசை இளகிவிடும். தைப்பதே நன்று. மென்மையான பக்கம் காலை நோக்கியிருக்கட்டும். முடிச்சோ கொக்கியோ எதுவாயினும் காலின் வெளிப்புறத்தில் வையுங்கள். உட்புறத்தில் வைத்தால் நடக்கையில் ஒன்றோடொன்று சிக்கும். ஊக்கு குத்துவது ஒருபோதும் வேண்டாம்.

வியர்வை பட்ட வெறுந்தோல் வழுக்கும். ஆகவே நீண்ட காலுறையையோ பருத்தித் துணியையோ அடியில் சுற்றுங்கள். அதிதூதர் மிக்கேல் வேடத்துக்குத் தொடைக்கவசமும் செய்வதாயின், அதைத் தொடையில் இறுக்கி நிறுத்த முயலாதீர்கள்; இடுப்பு வாரிலிருந்து தொங்கவிடுங்கள். மேலிருந்து தாங்கப்படுவது கீழே விழாது.

இதெல்லாம் கற்றபின் விவிலியத்தைத் திறந்தபோது வியப்பாக இருந்தது. முதல் சாமுவேல் நூலின் 17ஆம் அதிகாரத்தில் வெண்கலக் கால்கவசம் அணிந்து வருபவன் கோலியாத்து. சவுல் தம் போருடையைச் சிறுவன் தாவீதுக்கு அணிவிக்கிறார். தாவீது அதை அணிந்து நடந்து பார்க்கிறான். பழக்கமில்லாததால் நடக்க முடியவில்லை என்று சொல்கிறான், கழற்றி வைத்துவிடுகிறான். அரசரே அணிவித்த கவசமாயினும், நடக்க இயலவில்லை என்று சொல்ல அந்தச் சிறுவனுக்கு உரிமை இருந்தது. அதைக் கேட்டுக்கொள்ளும் காதும் அந்த அரசருக்கு இருந்தது. எங்களுக்கு இல்லாமற்போனது அந்தக் காதுதான்.

எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் 6ஆம் அதிகாரத்தில் புனித சின்னப்பர் இடைக்கச்சை, மார்க்கவசம், மிதியடி, கேடயம், தலைச்சீரா, வாள் என்று அடுக்குகிறார்; கால்கவசத்தைக் குறிப்பிடவில்லை. அக்காலத்து உரோமைப் படையின் சாதாரண வீரர்கள் பெரும்பாலும் அதை அணிந்ததில்லை. அது நூற்றுவர் தலைவர்களுக்குரிய அணி. ஆக, எங்கள் மகனின் வேடத்துக்கு அது பொருத்தமானதே. ஆனால் நாங்கள் எண்ணிப்பார்த்தது சிங்க முகத்தின் அழகை; அதற்குள் இருந்த காலை அல்ல. பிள்ளைகளுக்கு நாம் அணிவிக்கும் மற்றவையும், படிப்பாகட்டும், எதிர்பார்ப்பாகட்டும், பல வேளைகளில் இப்படித்தான் போலும். இறங்குகிறது என்கிறார்கள், நாம் இறுக்குகிறோம்.

எங்கள் மகன் மறுபடியும் மேடை ஏறவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. ஒரு நாள் இரவு, புதிய கவசத்தைத் தைத்துக்கொண்டிருந்தபோது அவனை அழைத்து, "அன்றைக்கு நீ சொன்னதை நாங்கள் கேட்டிருக்க வேண்டும்" என்றோம். "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் போனான். அவ்வளவுதான்.

அவ்வாண்டு பெரிய வெள்ளியன்று நூற்றுவர் தலைவராக நடித்தவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன். கோயிலின் பக்கத்து அறையில் நாங்கள் உடைகளை எடுத்து வைத்துக்கொண்டிருக்க, எங்கள் மகன் உள்ளே வந்தான். யாரும் கேட்காமலே அந்தச் சிறுவனின் முன் தரையில் முழந்தாளிட்டுக் கால்கவசத்தைக் கட்டத் தொடங்கினான்.

"நட... படியேறு... இப்போ முழந்தாள்படியிடு. எங்கேயாவது குத்துதா?"

"இடது கால்ல கொஞ்சம், அண்ணா."

மேடையில் மணி அடித்துவிட்டார்கள். நேரமாயிற்று என்று யாரோ வாசலில் நின்று கூவினார்கள். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. இடது காலின் கட்டை முழுவதும் அவிழ்த்து, துணியை நீவிச் சமன்செய்து, நிதானமாகத் திரும்பக் கட்டினான்.