சுவரில் இல்லாத மைக்கறை

வார்ட்பூர்க் கோட்டைக்கு வருகிற பலரும் முதலில் தேடுவது ஒரு மைக்கறையைத்தான். மார்ட்டின் லூத்தர் இங்கே ஒளிந்திருந்தபோது சாத்தான் வந்து தொல்லை கொடுத்ததாம். இவர் மைக்கூட்டைத் தூக்கி அடித்தாராம். கதை கிளம்பியது என்னவோ லூத்தர் இறந்து பல வருடம் கழித்து. ஆனாலும் பார்க்க வருகிறவர்கள் ஏமாந்து போகக் கூடாதே என்று சுவரில் கறையைத் திரும்பத் திரும்பப் பூசியிருக்கிறார்கள். வந்தவர்கள் அதைச் சுரண்டிச் சுரண்டி வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இன்றைக்கு அங்கே இருப்பது காரை பெயர்ந்த வெறும் சுவர்.

கறை மட்டுமல்ல, கோட்டையே கொஞ்சம் அப்படித்தான். ஐசனாக் ஊருக்கு மேலே, 1067இல் லுட்விக் என்ற பிரபு இதைக் கட்டியதாக மரபு. மலை அவனுடையது இல்லை. அதனால் தன் நிலத்து மண்ணை அள்ளிவந்து மேலே கொட்டி, பன்னிரண்டு வீரர்களை அதில் வாளைச் செருகச் சொல்லி, ‘இது எங்கள் பிரபுவின் மண்’ என்று சத்தியம் செய்ய வைத்தானாம். பத்திரப் பதிவு ஆபீஸுக்கு வேலையே இல்லை! உள்ளே அரண்மனைக் கட்டடம் நிஜமாகவே 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நாம் வாய் பிளந்து பார்க்கிற அலங்காரங்களில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டுப் புதுப்பிப்பு. பழைய கோடை யாரோ மொத்தமாகத் திருத்தி எழுதியிருப்பதைத் திறந்து பார்க்கிற அதே சந்தேகத்தோடுதான் நான் அறை அறையாக நடந்தேன்.

லூத்தரின் அறையில் அது அடங்கிவிட்டது. மரப்பலகைச் சுவர்கள், ஒரு மேசை, ஒரு திமிங்கல முதுகெலும்புத் துண்டு, அவ்வளவுதான். வோர்ம்ஸ் சபையில் தன் எழுத்துகளைத் திரும்பப் பெற மறுத்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தவரை, அவரைக் காப்பாற்றுவதற்காகவே ‘கடத்தி’ இங்கே கொண்டுவந்தார்கள். 1521 மே 4. தாடி வளர்த்து, யோர்க் என்று பெயர் மாற்றி, பத்து மாதம் இருந்தார். அதில் பதினோரு வாரம் போல உட்கார்ந்து புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து ஜெர்மனுக்குக் கொண்டுவந்தார். வீட்டில் அம்மா பேசுவதையும், தெருவில் பிள்ளைகள் பேசுவதையும், சந்தையில் சனங்கள் பேசுவதையும் காதால் கேட்டு எழுத வேண்டும் என்பது அவர் கட்சி. 1522 செப்டம்பரில் புத்தகம் வந்தது. மொழியே அதன்பின் வேறு மாதிரி ஆனது.

எனக்கு இது உறைத்ததற்குக் காரணம் உண்டு. பகல் முழுக்க இங்கிலீஷில் கோட் எழுதுகிறேன், இரவில் தமிழில் கட்டுரை எழுதுகிறேன். ‘வயித்தெரிச்சல்’ என்று எழுத வந்த கை, ஏதோ மரியாதைக்குக் கட்டுப்பட்டு ‘பொறாமை’ என்று எழுதிவிட்டு நிற்கும். அம்மா ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை.

லூத்தரின் வழியில் வந்த சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் முழுமையாக அச்சேறியது. அவரது தமிழ் சரியா, அழகா என்று நாம் தாராளமாகச் சண்டை போடலாம். ஆனால் எழுதும் முன் தெருப்பிள்ளைகளின் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

சுவரில் கறை இல்லாதது நல்லதுதான். லூத்தர் மையை எறிந்தாரோ இல்லையோ, அந்தப் பதினோரு வாரத்தில் அது செலவானது காகிதத்தில்.