கிட்டப்பாவும் நாமும்

'ராஜபார்ட்' என்ற சொல் நம் வட்டத்தில் ஒரு வசை. மிகையாக நடிப்பவனையும், குரலை உயர்த்திக் கவிதை வாசிப்பவனையும், அலங்கார வசனம் எழுதுபவனையும் அப்படிச் சொல்லி முடித்துவிடுகிறோம். வசையில் நியாயம் இல்லாமல் இல்லை. கம்பெனி நாடகத்தின் கசடு நம் சினிமா வசனத்திலும் மேடைப் பேச்சிலும் படிந்துவிட்ட ஒன்று. ஆனால் கசடை மட்டும் வைத்து ஒரு கலையை அளப்பது விமர்சனம் ஆகாது. அந்தச் சொல்லை முழுசாக வாழ்ந்தவர் ஒருவர் இருந்தார்: எஸ். ஜி. கிட்டப்பா. அவரைப் பற்றிப் பிரமிப்பும் கண்ணீரும் நிறைய உண்டு. யோசனை குறைவு.

வாழ்க்கையைச் சுருக்கமாகவே சொல்ல முடியும், அது சுருக்கமானதுதான். 1906ல் செங்கோட்டையில் பிறப்பு. ஊர் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. வீட்டில் வறுமை. சிறு பிராயத்திலேயே சகோதரர்களோடு நாடகத்துக்கு வந்தாயிற்று. முதலில் சங்கரதாஸ் சுவாமிகளின் பயிற்சி, பிறகு காட்சி ஜோடனைக்குப் பேர்போன கன்னையா கம்பெனி. 1926ல் இலங்கையில் கே. பி. சுந்தராம்பாளோடு சேர்ந்து மேடை ஏறினார். ஏற்கனவே மணமானவர்; சுந்தராம்பாளையும் மணந்துகொண்டார். 1933 டிசம்பர் 2ல் மரணம். வயது 27.

இதைச் சொன்னதுமே காதல் கதை வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. கலைஞன் எழுந்து வெளியே போய்விடுகிறான். நமக்கு வேண்டியது வெளியே போனவன்.

சுவாமிகளின் நாடகப் பள்ளி, இன்று நாம் அர்த்தப்படுத்தும் பள்ளி அல்ல. பையன்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கி, வாத்தியாரின் அடியும் சாப்பாடும் வாங்கிக்கொண்டு, நூற்றுக்கணக்கான பாட்டுகளை நெட்டுருப் போட்டார்கள். குரல் உள்ளவன் பெண் வேஷம் கட்டினான். பிறகு ஒரு நாள் 'மகரக்கட்டு' வரும். குரல் உடையும். அதோடு பலருடைய வாழ்க்கையும் உடைந்தது. திரும்பக் குரல் வந்தவன் ராஜபார்ட் ஆகலாம். வராதவன் திரை இழுக்கலாம், அல்லது ஊருக்குப் போகலாம். ஒரு கலையின் தேர்வு முறை ஒரு பையனின் தொண்டைக்குழியில் நடந்திருக்கிறது. இந்தக் கொடூரத்தை மறைத்துவிட்டு அந்தக் காலத்தைப் பொற்காலம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஸ்பெஷல் நாடகம் இதிலிருந்து கிளைத்தது. காண்டிராக்டர் ஓர் ஊரில் கொட்டகை போடுவார். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும் வந்து சேர்வார்கள். ஒத்திகை கிடையாது, டைரக்டர் கிடையாது. எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்த கதைப்போக்கும் பாடல்களும் உண்டு. மற்றது அன்றைய இரவின் சாமர்த்தியம். வள்ளி திருமணத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கம் விடியும்வரைகூட நீளலாம். 1983ல் புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயில் திருவிழா ஒன்றில் அதைப் பார்த்தேன். நாரதர் மடக்கிய ஒரு கேள்விக்கு வள்ளி அந்த இடத்திலேயே பதில் கட்டிப் பாட, கூட்டம் சிரித்து ஓய்வதற்குள் ஆர்மோனியக்காரர் அடுத்த சுருதிப் பிடிப்பைக் கொடுத்தார். நவீன நாடகப் பட்டறைகளில் 'இம்ப்ரூவைசேஷன்' என்று பயபக்தியோடு சொல்லப்படுவது அங்கே தொழில். இன்றும் மதுரை, புதுக்கோட்டை வட்டாரத்துத் திருவிழாக்களில் அது தொழில்தான்.

கிட்டப்பாவின் மேடை நமக்கு இல்லை. மிஞ்சியவை கிராமபோன் பிளேட்டுகள். ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிஷம். என் பெரியப்பா வீட்டில் தேய்ந்த சில பிளேட்டுகள் இருந்தன. இன்று அதே பதிவுகள் இரைச்சல் துடைக்கப்பட்டுக் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. கேட்டவுடன் தாக்குவது உயரம். இன்றைய ஆண் பாடகர்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டையைச் சுற்றிப் பாடுகிறார்கள். கிட்டப்பா நிற்பது அதற்கு எவ்வளவோ மேலே. இதை வெறும் அபூர்வம் என்று வியந்து விடுவதில் பிரயோசனம் இல்லை. மைக் இல்லாத கொட்டகை. கடைசி வரிசைத் தரை டிக்கட்காரனும் காசு கொடுத்தவன். உடன் பாடும் ஸ்திரீபார்ட்டுக்கும் ராஜபார்ட்டுக்கும் ஒரே ஆர்மோனியம், ஒரே சுருதி. அந்த உயரம் தேவையிலிருந்து பிறந்தது. அந்த உயரத்திலும் குரல் கிறீச்சிடாமல், பிருகாக்கள் மணி மணியாக உதிர்வது மட்டும்தான் கிட்டப்பா.

வள்ளலாரின் விருத்தம் ஒன்றை அவர் பாடியிருப்பதைக் கவிதை எழுதுபவர்கள் அவசியம் கேட்க வேண்டும். விருத்தம் பாடுவதில் தாளம் இல்லை. சீர் எங்கே முடிகிறது என்பது பாடுபவனுக்குப் பொருட்டில்லை. மூச்சும் அர்த்தமும் வரியைப் பிரிக்கின்றன. ஒரு சொல் இரண்டு முறை வரும், ஒவ்வொரு முறையும் வேறு கனத்தோடு. அச்சில் எண்சீராக அடைபட்டுக் கிடக்கும் செய்யுள் அவர் வாயில் தளைகளை உதறுகிறது. நாம் யாப்பை விட்டுவிட்டு வெளியே வந்தோம். அவர் யாப்புக்குள்ளேயே நின்று அதைத் திறந்திருக்கிறார். புதுக்கவிதை கண்ணால் படிக்கும் கவிதையாகிப் போனதில் நாம் பெற்றது அதிகம் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் இழந்ததும் உண்டு என்பதற்கு இந்த மூன்று நிமிஷம் சாட்சி.

முருகனாக வேஷம் கட்டியவன் தியாகராஜ கீர்த்தனை பாடலாமா, பாத்திரம் என்ன ஆகிறது என்று கேட்கலாம். தேவாமிர்தவர்ஷிணியில் அவர் பாடிய கீர்த்தனைக்கும் குறவஞ்சி காட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை. யதார்த்த நாடகத்தின் சட்டத்தில் இது குற்றம். அந்தச் சட்டம் இந்த மேடைக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி. வந்த கூட்டம் முருகன் வள்ளியை அடைவானா என்று தெரிந்துகொள்ள வரவில்லை. அது தெரிந்த கதை. வேஷத்தின் ஜரிகைக்கு உள்ளிருந்து ஒரு மனிதக் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க வந்தது.

முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31ல் வந்தது. கிட்டப்பா எந்தப் படத்திலும் இல்லை. 1934ல் 'பவளக்கொடி' மூலம் தியாகராஜ பாகவதர் ராஜபார்ட்டைத் திரைக்குக் கொண்டுபோனார். பின்னணிக் குரல் வந்தபின் பாடுபவன் ஒருவன், வாயசைப்பவன் ஒருவன் என்றாயிற்று. உடம்பும் குரலும் ஒன்றாக இருந்த நாயகன் அதோடு முடிந்தான்.

சுந்தராம்பாள் வெள்ளை உடுத்தினார். ஆண்களுக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்று தீர்மானித்துக்கொண்டார். இதைத் துறவு என்றே சொல்லி வருகிறார்கள். 1935ல் 'பக்த நந்தனா'ரில் நந்தனாராக ஆண் வேஷம் ஏற்றார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அன்று ஊர்ப் பேச்சு. மகாராஜபுரம் விஸ்வநாதய்யர் உடன் நடித்தார். ஜோடி வேண்டாம் என்றவர் நாயகன் இடத்துக்கே வந்து நின்றது துறவாக எனக்குப் படவில்லை. காலியான ராஜபார்ட்டை அவரே எடுத்துக்கொண்டார். பிற்பாடு 1953ல் ஔவையாராக அவர் பாடியபோது தமிழகம் கேட்டதும், கொட்டகையின் கடைசி வரிசைவரை போகப் பழகிய அந்தக் குரலைத்தான்.

1977ல் கூத்துப்பட்டறை தொடங்கியதை ஒட்டி நமக்குத் தெருக்கூத்தின் மேல் பிரக்ஞை வந்தது. நல்லது. கூத்து மண்ணின் கலையாகவும் பாதல் சர்க்காரின் நாடகம் நவீனமாகவும் நமக்கு அடையாளப்பட்டுவிட்டன. நடுவில் இருந்த இசை நாடகம் இரண்டிலும் சேராமல், பார்ஸிப் படுதாவோடும் ஆர்மோனியத்தோடும் கலப்படச் சரக்காக ஒதுக்கப்பட்டது. கலப்படம்தான். அந்தக் கலப்படத்தில்தான் நம் பாட்டன்கள் ஜாதி பார்க்காமல் இல்லாவிட்டாலும், ஒரே கொட்டகையில் டிக்கட் வாங்கி உட்கார்ந்து, விடியும்வரை ஒரே குரலைக் கேட்டார்கள். தமிழ் நாடகத்துக்கு மரபு இல்லை என்று எழுத இருப்பவர், பேனாவைத் திறக்குமுன் அந்த விருத்தத்தை ஒரு முறை கேட்கட்டும். கேட்டபின்னும் அதையே எழுதுவதாக இருந்தால், காரணத்தோடு எழுதட்டும். அந்தக் கட்டுரையோடு சண்டை போட எனக்கு விருப்பம் உண்டு.