விரித்த கைகள்

ஹொங்கொங்கிலிருந்து விரைவுக் கப்பலேறினால் ஒரு மணித்தியாலத்தில் மக்காவ் வந்துவிடும். அங்கே ஒரு பகற்பொழுதைக் கழிக்க நாம் மூவர் சென்றோம். பழைய தேவாலயத்தையும் சூதாட்ட மாளிகையையும் பார்த்துவிட்டு இரவே திரும்புவது எமது எண்ணம். 'பார்ப்போம்; ஆடமாட்டோம்' என்று கப்பலிலேயே தீர்மானமும் நிறைவேற்றிக்கொண்டோம்.

1557 இல் போர்த்துக்கேயர் குடியேறிய துறைமுகம் இது. 1619 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி, 1658 இல் ஒல்லாந்தரிடம் அதனை இழந்தவர்கள், மக்காவை 1999 டிசம்பர் வரை விடவில்லை. குன்றின்மேல் புனித பவுல் தேவாலயத்தின் முகப்பு நிற்கிறது. 1835 இல் தீ ஆலயத்தைத் தின்றது. எஞ்சியது அந்தக் கற்சுவர் ஒன்றே. அதன்முன் நின்று படம் பிடிக்காதவர் இல்லை. நாமும் பிடித்துக்கொண்டோம்.

ஆனால், கல்லிலே செதுக்கப்படாத வரலாறும் இந்நகருக்கு உண்டு. 1842 இல் ஹொங்கொங் பிரித்தானியர் வசமானபின், மக்காவின் வாணிபம் தளர்ந்தது. குடியேற்ற அரசு வேறு வழிகளில் வயிறு வளர்த்தது. ஒன்று, சூதாட்டத்தைச் சட்டமாக்கி அதிலிருந்து பெற்ற பணம். மற்றொன்று, கூலி வர்த்தகம். கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கும் பெரு நாட்டுக்கும் சீன ஏழைகள் இங்கிருந்து கப்பல் கப்பலாக ஏற்றப்பட்டனர். ஏமாற்றப்பட்டவர்களும் கடத்தப்பட்டவர்களும் அவர்களுள் இருந்தனர். சூதிலே தோற்றுக் கடன்பட்டவர்களும் இருந்தனர். 'பன்றிக்குட்டி விற்பனை' என்று சீன மக்கள் இதற்குப் பெயரிட்டனர். 1874 இல்தான் அது நின்றது. மலையகத் தோட்டங்களின் கதையறிந்த எமக்கு இதனை எவரும் விளக்க வேண்டியதில்லை.

பிற்பகலில் ஓர் இலவச பஸ் வண்டி எம்மை மாளிகை வாயிலில் இறக்கியது. உள்ளே மணிக்கூடு இல்லை, சாளரமும் இல்லை. சீட்டு மேசையொன்றில் பணிபுரிந்த இளம்பெண் முறை மாறி எழுந்தாள். எழுமுன் இரு கைகளையும் தட்டி, உள்ளங்கைகளை விரித்து, மேலேயிருந்த கமராவுக்குக் காட்டினாள். மாளிகையின் பணம் எதுவும் தன் கையில் ஒட்டவில்லை என்பதற்குச் சாட்சி அது. வேலைமுறை முடியுந்தோறும் அவள் இப்படித் தன் நேர்மையை நிரூபிக்க வேண்டும். மாளிகையின் கையை விரித்துக் காட்டும்படி கேட்பார் யார்?

திரும்பிப் பார்த்தபோது எம்முள் ஒருவரைக் காணவில்லை. காசு விழுங்கும் பொறியொன்றின் முன் அவர் அமர்ந்திருந்தார். சீனர் அதனைப் 'புலிப் பொறி' என்பர். நூறு டொலர் போயிற்று. அதை மீட்க மேலும் நூறு. அதையும் மீட்க இன்னும் நூறு. கையைப் பிடித்தல்லவா இழுத்துவர நேர்ந்தது! வெளியே வந்தால் எதிரில் அடைவுகடை. கண்ணாடிக்குப் பின்னால் கைக்கடிகாரங்கள் வரிசையாக மின்னின. ஒவ்வொன்றும் எவனோ ஒருவனின் மணிக்கட்டிலிருந்து கழன்றது.

கப்பலில் நண்பர் சொன்னார்: "காசு போனதல்ல வெட்கம். இன்னும் போடவேண்டும் என்று கை துடித்ததே, அதுதான்."

இதனால் எவருக்கும் நன்மையில்லை என்று நாம் சொல்லவில்லை. நகரத்தவர் பலருக்கு இது தொழில் கொடுக்கிறது. 2008 முதல் அரசு தன் நிரந்தர வாசிகளுக்குப் பணமும் பகிர்ந்தளித்து வந்தது. 2002 இல் தனியுரிமை ஒழிந்து புதிய கம்பனிகள் புகுந்தபின், 2006 இல் சூதாட்ட வருமானத்தில் மக்காவ் லாஸ் வேகாஸையும் மிஞ்சியது. ஆயினும் அந்தப் பணம் எவருடைய கையிலிருந்து வந்தது? தோற்றவன் தன் ஊருக்குத் திரும்பிவிடுகிறான். அவனுடைய அடுப்பு எரிகிறதா என்பதை எந்தக் கமராவும் பார்ப்பதில்லை.

2025 இல் எமது கொழும்பிலும் இத்தகைய பெருமாளிகையொன்று திறக்கப்பட்டது. அதன் சூதாட்டக் கூடத்தை நடத்த வந்தது, மக்காவிலே தொழில் செய்யும் கம்பனிதான். தொழில் வரும், வெளிநாட்டுப் பணம் வரும் என்கிறார்கள். வரட்டும். ஆனால், வாசகரே, கைகளை விரித்துக் காட்டும்படி நாம் யாரைக் கேட்கப் போகிறோம்? மேசையருகே நிற்கும் அந்தப் பெண்ணையா, மாளிகையையா?