ஏழு லாக்கும் ஒரு சுரங்கமும்

"டிசம்பர் குளிர்ல போட்டிங்கா? புத்தி கெட்டுப் போச்சா?"ன்னு வீட்டுல கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனா கூப்பிட்டது பக்கத்து வீட்டுப் பெரியவர். வயசு 76, முட்டி தேஞ்சு போச்சு, வசந்த காலத்துல போட்டை விக்கப் போறார். அதுக்கு முன்னாடி பிளிஸ்வொர்த் சுரங்கத்தை ஒரு தடவை தாண்டிடணுமாம். எப்படி மாட்டேன்னு சொல்றது?

நேரோபோட் பார்த்திருக்கீங்களா? நீளம் 60 அடி, அகலம் 7 அடிக்கும் கம்மி. ரயில் பெட்டியைத் தண்ணில மிதக்க விட்ட மாதிரி இருக்கும். உள்ளே கரி அடுப்பு கணகணன்னு எரியுது. ஆனா ஓட்டறவர் நிக்கறது பின்னாடி, வெட்டவெளியில! மணிக்கு 4 மைலுக்கு மேல போகக்கூடாது. கரையில கட்டியிருக்கற போட்டுகளைத் தாண்டும்போது அதுவும் கிடையாது. உள்ளே யாரோ டீ குடிச்சிட்டு இருப்பாங்க இல்லையா?

கிராண்ட் யூனியன் கால்வாய்ல, ஸ்டோக் ப்ரூயர்ன்ங்கற ஊர்ல, படிக்கட்டு மாதிரி 7 லாக். ஒவ்வொண்ணுலயும் தண்ணியை நிரப்பி போட்டை மேலே ஏத்தணும். அவர் முட்டிக்காக கரை வேலை முழுக்க எனக்கு. இரும்புக் கைப்பிடியைச் சுத்தி மதகைத் திறக்கணும். ரெண்டு பக்கமும் தண்ணி சமமானாத்தான் கதவு அசையும். மூணாவது லாக்ல பொறுமையில்லாம முட்டித் தள்ளினேன். உறைபனியில கால் வழுக்கி பொத்துன்னு உக்கார்ந்தேன், விளிம்புக்கு ரெண்டடி தள்ளி. அவர் முகம் வெளுத்துப் போச்சு. "தள்ளாதே, சாய்ஞ்சு நில்லு. நேரம் வந்தா அதுவே திறக்கும்"னார்.

மேலே ஏறினதும் கொஞ்ச தூரத்துல சுரங்கம். 1805ல திறந்தது, நீளம் 2.8 கி.மீ. உள்ளே நடைபாதை கிடையாது. எஞ்சின் வராத காலத்துல குதிரை மலை மேல நடந்து போகும், ஆளுங்க பலகையில படுத்துக்கிட்டு சுவத்தைக் காலால மிதிச்சு மிதிச்சே போட்டை நகர்த்துவாங்க. நினைச்சாலே இடுப்பு வலிக்குது.

உள்ளே கும்மிருட்டு. முன்னாடி ஒரு விளக்கு, காத்துக் குழாய்ங்க வழியா தலையில சொட்டற தண்ணி, அவ்வளவுதான். பாதி வழியில "கை மரத்துப் போச்சு, நீ பிடி"ன்னு டில்லரைக் குடுத்துட்டார். இடது பக்கம் தள்ளினா போட் வலது பக்கம் போகும், அதுவும் கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் போகும். நான் பயத்துல ஜாஸ்தியா தள்ள, சுவத்துல 'ணங்'!

"சாரி"ன்னேன்.

"பரவாயில்லை. அவளும் இங்கேதான் இடிப்பா."

அவர் மனைவி போய் ரெண்டு வருஷம் ஆச்சு. இருட்டுல அவர் முகம் தெரியலை. நானும் பார்க்க முயற்சி பண்ணலை. தூரத்துல வெளிச்சம் மிளகு அளவு இருந்தது, எலுமிச்சை அளவாச்சு. அதுவரைக்கும் ரெண்டு பேரும் பேசலை.

4 மணிக்கெல்லாம் இருட்டிடும்னு பிளிஸ்வொர்த்லயே கட்டிட்டோம். முட்டி வலியோட கயிறை அவரேதான் கட்டினார். "வாங்கறவர்கிட்ட இந்தக் கீறலைப் பத்தி சொல்லணுமா?"ன்னு கேட்டேன். ஓரத்தைத் தடவிப் பார்த்துட்டு, "எந்தக் கீறலைன்னு சொல்றது?"ன்னு சிரிச்சார்.

எனக்கு மூணு நாள் ஜலதோஷம். "அப்பவே சொன்னேன்ல"ன்னாங்க. பதில் பேசலை :-)