அம்பாரத்தில் என் பங்கு

நிலம் எவ்வளவு என்று கேட்டால் பெரியப்பா ஏக்கரில் சொல்லமாட்டார். "முந்நூறு குழி" என்பார். நூறு குழி ஒரு காணி, ஏக்கரில் 1.32. கிருமாம்பாக்கம் ஏரிக்குக் கீழே இருந்த அந்த மூன்று காணிதான் எங்கள் எல்லாருக்கும் சோறு போட்டது. அவர் பிள்ளைகள், அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டதால் நாங்கள், புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்ட அத்தை, அத்தையின் மகன். இதில் யார் யாருடைய பிள்ளை என்பது வெளியூர்க்காரர்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

சம்பா அறுப்பு முடிந்து, அடித்துத் தூற்றிய நெல்லைக் களத்தில் அம்பாரமாகக் குவித்ததும் மரக்காலை அவரே எடுப்பார். முதலில் அறுத்தவர்களுக்கு. பிறகு தண்ணீர் கட்டியவருக்கு, கொழு அடித்துத் தந்த ஆசாரிக்கு, வண்ணாருக்கு. அடுத்தது கட்டிக்கொடுத்த பெண்களுக்கு: வில்லியனூருக்கு ஒரு மூட்டை, கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு ஒரு மூட்டை. அப்புறம் வீட்டுக் குதிர். மிஞ்சினால்தான் வியாபாரி.

"இன்னா ஐயா, ஊருக்கே அளந்துட்டா எனக்கு இன்னா மிஞ்சும்? மொத்தமா வித்துட்டு அவங்களுக்குக் காசா குடுத்துடுங்க" என்று வியாபாரி ஒருமுறை அலுத்துக்கொண்டார்.

"வித்துட்டா அது காசு. காசை எடுத்துக் குடுக்க எனக்கு மனசு வராது" என்றார் பெரியப்பா.

தன்னைப் பற்றி அவர் அவ்வளவு துல்லியமாகச் சொல்லி நான் வேறு எப்போதும் கேட்டதில்லை.

நான் பன்னிரண்டாவது முடித்த வருஷம் அம்பாரத்தின் ஓரத்தில் இன்னொரு குவியல் முளைத்தது. யாருக்கென்று அவர் சொல்லவில்லை. கல்லூரியில் பணம் கட்டிய ரசீதைப் பார்த்துத்தான் புரிந்தது. சொந்த மகனைப் படிக்கவைக்காமல் தம்பி மகளையா என்று ஊரில் பேசினார்கள். அண்ணனுக்குப் படிப்பு ஏறவில்லை என்பது வேறு விஷயம்.

பாகூர்ச் செப்பேடு பற்றி நான் தெரிந்துகொண்டது அந்தக் கல்லூரியில்தான். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், மூன்று ஊர்களைப் பாகூரில் இருந்த வித்தியாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு எழுதிவைத்திருக்கிறார்கள். கழனி விளைச்சலில் படிப்புக்கென்று ஒதுக்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் அத்தனை பழசு. விடுமுறைக்கு வந்தபோது பெரியப்பாவிடம் சொன்னேன். "மூணு ஊரா? நமக்கு மூணு காணிதானே" என்று சிரித்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

எந்தப் பருவத்தையும் தரிசாக விட்டவரில்லை. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகம். கடல் பக்கத்திலேயே இருப்பதால் போர் தண்ணீர் கரிக்க ஆரம்பித்த வருஷங்களில்தான் நவரையைக் குறைத்தார். பாரம்பரிய நெல் மீது அவருக்கு ஆசை வந்ததும் அப்போதுதான். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006 முதல் நெல் திருவிழா நடத்திவந்தார். இரண்டு கிலோ விதை வாங்கினால் மறுவருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. பெரியப்பா மாப்பிள்ளைச் சம்பா வாங்கிவந்தார். பயிர் ஆள் உயரம் வளர்ந்து, ஐப்பசி மழையில் படுத்துவிட்டது. பெரியம்மா அந்தச் சோற்றை வாயில் வைத்துவிட்டு, "இது மாப்பிள்ளைக்கே இருக்கட்டும்" என்றாள். ஆனாலும் நான்கு கிலோ தனியாக மூட்டை கட்டப்பட்டு ஆதிரெங்கம் போய்ச் சேர்ந்தது. 174 ரகங்களை மீட்ட ஜெயராமன் 2018 டிசம்பர் 6 அன்று புற்றுநோயில் இறந்ததை டிவியில் பார்த்துவிட்டு, பெரியப்பா சாப்பிடாமலே எழுந்துபோனார்.

பெரியம்மாவைச் சொல்லாமல் விட்டால் தப்பு. நாற்றுப் பறித்தது, நட்டது, களை எடுத்தது எல்லாம் அவள். பட்டாவில் அவள் பேர் கிடையாது. மரக்காலும் அவள் கைக்கு வந்ததில்லை. நல்ல மனுஷர்தான், ஆனால் இந்த ஒரு கணக்கு அவருக்குத் தோன்றவே இல்லை.

ஃபெஞ்சல் புயலுக்கு அவர் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த அந்தப் புயல், புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. அந்தத் தண்ணீர் வடிவதற்குள் தென்பெண்ணையில் சாத்தனூர் அணையைத் திறந்தார்கள். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரியை நிரப்புகிற அதே ஆறு, கரையை மீறி ஊர்களுக்குள் வந்தது. 2011 தானே புயலில் மரங்கள் போயின, இந்த முறை பயிர். பெரியப்பா இருந்திருந்தால் ஏரிக்கரையில் தூங்காமல் நின்றிருப்பார். அண்ணன் செல்போனில் அணையின் நீர்வரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். எதையும் தடுக்க முடியாத விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

இப்போது அறுவடை மெஷின் வருகிறது. நெல் கழனியிலிருந்தே லாரி ஏறுகிறது, பணம் வங்கிக்குப் போகிறது. களம் இருந்த இடத்தில் அண்ணன் வண்டி நிறுத்துகிறான். ஆனால் ஒவ்வொரு அறுப்புக்கும் பெரியம்மா திண்ணையிலிருந்தே, "வில்லியனூருக்கு அனுப்பிட்டியா?" என்று கேட்பாள். அவனும் கன்னியகோவில் கடையில் பொன்னி அரிசி இரண்டு மூட்டை வாங்கி, ஒன்றை வில்லியனூருக்கும் ஒன்றை மஞ்சக்குப்பத்துக்கும் அனுப்பிவைப்பான். போன தை மாதம் வில்லியனூர் அக்கா போன் செய்து அவனைப் பிடித்துக்கொண்டாள்: "டேய், நம்ம கழனி அரிசி இப்படிக் குழையாதேடா. எந்தக் கடையில வாங்குன?"