முதற் பிழை

எங்கள் மூன்று பேரிடமும் பட்டம் இல்லை. பல்கலைக்கழக அடையாள அட்டைகள் மட்டும் இருக்கின்றன. ஒருவர் யாழ்ப்பாணத்தில் பௌதிகம், ஒருவர் பேராதனையில் பொறியியல், ஒருவர் வந்தாறுமூலையில் கணிதம். மூவருக்கும் மூன்றாம் வருடத்தோடு படிப்பு நின்றது. 2012க்கும் 2015க்கும் இடையில் வெவ்வேறு பாதைகளால் பாரிஸ் வந்து சேர்ந்தோம். இப்போது ஒரே றெஸ்ரோறன்றின் குசினியில் ஒருவர் கோப்பை கழுவுகிறார், ஒருவர் மரக்கறி வெட்டுகிறார், ஒருவர் அடுப்பில் நிற்கிறார்.

இங்கே குசினி வேலைக்கு நடுவில் ஒரு ஓட்டை உண்டு. மதியச் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு வெளியே விடுவார்கள். ஆறு மணிக்குத் திரும்பி நிற்க வேண்டும். சம்பளம் இல்லாத அந்த மூன்று மணித்தியாலத்தைச் சிலர் பூங்கா வாங்கில் படுத்துக் கழிப்பார்கள், சிலர் லாச்சப்பல் தெருவில் நின்று கழிப்பார்கள். நாங்கள் ஒரு சங்கத்தின் மண்டபத்திலுள்ள பழைய கணனிக்கு முன்னால் கழிக்கிறோம். அதில் லினக்ஸ் ஓடுகிறது. எங்களுக்கு ஒரு கணக்குத் திறந்து தந்திருக்கிறார்கள். நிர்வாகியின் கடவுச்சொல் எங்களிடம் இல்லை.

பௌதிகம் படித்தவரின் முடியாமற்போன இறுதிவருட ஆய்வுதான் எங்கள் மூவரையும் அங்கே இருத்தியது. குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கும் மழைதான் கிணறு. அந்த மழையிற் பெரும்பங்கு ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையான வடகீழ்ப் பருவத்தில் விழுவது. அது வருடத்துக்கு வருடம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதற்கு அவருடைய விரிவுரையாளர் போர்ட்ரான் மொழியில் எழுதிய நிரல் ஒன்று இருந்தது. அது ஒரு சின்னப் பென்டிரைவில் எங்களோடு கடல் கடந்தது.

தரவு இப்போது எவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈஆர்ஏ5 என்ற தொகுப்பு 1940 முதல் பூமி முழுவதற்கும் மணிக்கு மணி மழையைக் கணித்து வைத்திருக்கிறது. போர் நடந்த வருடங்களிலும் அதில் வெற்றிடம் இல்லை. 1995உம் இருக்கிறது. ஆனால் நாங்கள் இறக்கியவை நெற்சிடிஎப் என்ற வடிவிலுள்ள கோப்புகள். அவற்றைப் போர்ட்ரான் நிரல் திறக்க வேண்டுமானால் அதற்குரிய நூலகங்கள் கணனியில் இருக்க வேண்டும். அந்தக் கணனியில் அவை இல்லை. நிர்வாகியாக இருந்தால் ஒரு கட்டளையில் வந்துவிடும். நிர்வாகி அல்லாதவர் மூலநிரலை இறக்கித் தானே கட்டிக்கொள்ள வேண்டும்.

இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். லினக்ஸில் ஒவ்வொரு பாவனையாளருக்கும் ஒரு கோப்புறை உண்டு. அதற்குப் பெயரே 'வீடு'. கட்டத் தொடங்கும்போது 'பிரிபிக்ஸ்' என்ற சொல்லோடு வீட்டின் பாதையைக் கொடுத்துவிட்டால் எல்லாம் அங்கேயே நிறுவப்படும். ஒருவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. இதை வாசித்த அன்று நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

கட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் சுருக்கி விரிக்கும் சீலிப். அதன் மேல் எச்டிஎப்5. அதன் மேல் சி மொழிக்கான நெற்சிடிஎப். அதன் மேல் போர்ட்ரானுக்கான நெற்சிடிஎப். சீலிப் இல்லாமலும் எச்டிஎப்5ஐக் கட்டலாம், ஒரு முறைப்பாடும் வராது. பிறகு சுருக்கிய தரவைத் திறக்கும்போதுதான் கையை விரிக்கும். அடியில் விடுபட்டது உச்சியில் வந்துதான் தெரியும்.

கட்டும் வேலையை நடத்துவது 'மேக்' என்ற கருவி. 1976இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்ருவேர்ட் பெல்ட்மன் எழுதியது. வேலை குழம்பினால் திரை நிறைய வரிகள் கொட்டும். கடைசி வரி 'பிழை 2' என்று முடியும். அந்தக் கடைசி வரியில் ஒன்றுமே இல்லை. ஏதோ நடக்கவில்லை என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. மேலே மேலே போய் முதன்முதலாக வந்த பிழையைப் பிடிக்க வேண்டும். மற்றவை அதன் குஞ்சுகள். 'கொன்பிகர்' என்ற முன்பரிசோதனை நின்றால் 'கொன்பிக்.லொக்' என்ற கோப்பில் அது எதைத் தேடியது, எங்கே தேடியது, என்ன பதில் கிடைத்தது என்று எல்லாம் எழுதியிருக்கும். எச்டிஎப்5 எங்கள் வீட்டிலேயே இருந்தது. பரிசோதனையோ பொது இடங்களில் மட்டும் தேடியிருந்தது. தலைப்புக் கோப்புகளின் பாதை ஒன்று, நூலகத்தின் பாதை ஒன்று, இரண்டையும் கொடுத்ததும் நகர்ந்தது.

நூலகங்கள் முடிந்து விரிவுரையாளரின் நிரலுக்கு வந்தோம். ஒரே துணைநிரலுக்கு ஓரிடத்தில் தனி எண்ணையும் இன்னோரிடத்தில் எண்களின் வரிசையையும் கொடுப்பது பழைய போர்ட்ரான்காரரின் வழக்கம். தொகுப்பிகள் நெடுங்காலம் அதைக் கண்டும் காணாமல் விட்டன. 2020இல் வந்த ஜிசிசி 10 முதல் அது பிழையென்று நிறுத்தப்படுகிறது. அதை எச்சரிக்கையாக இறக்கிவைக்க ஒரு தெரிவு உண்டு. அதைக் கொடுத்துவிட்டு, எச்சரிக்கை வந்த ஒவ்வொரு இடத்தையும் கொப்பியில் எழுதிச் சரிபார்த்தோம். எல்லாம் ஒற்றை எண் வரிசைகள், ஆபத்தில்லை.

அடுத்தது லாபாக். 1992இல் வெளிவந்து இன்றும் உலகம் முழுவதும் பாவிக்கப்படும் அணிக்கணித நூலகம். அதன் அடியில் இருப்பது 1979இலிருந்து வளர்ந்து வந்த பிளாஸ். அந்தப் பிளாஸை மிக வேகமாக ஓடவைத்தவர்களில் ஒருவர் கசுஷிகே கோட்டோ. ஜப்பானின் காப்புரிமை அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்தவர். அவருடைய வேலையின் வழிவந்த ஓப்பன்பிளாஸ் இன்றைக்கும் எல்லோருக்கும் இலவசம். உத்தியோகம் வேறு, மனம் போன இடம் வேறு என்பதைக் குசினியில் நிற்கிற எங்களுக்கு ஒருவர் விளக்கத் தேவையில்லை.

லாபாக்கும் பிளாஸும் வீட்டில் இருந்தும் 'வரையறுக்கப்படாத குறிப்பு' என்று தொடுப்பி நின்றது. அது தேடிய பெயரின் வாலில் ஒரு அடிக்கோடு இருந்தது. போர்ட்ரான் தொகுப்பி அப்படித்தான் பெயருக்கு வால் வைக்கும். அதிலே குறையில்லை. குறை வரிசையில். இவ்வகை நூலகங்களைத் தொடுப்பி இடமிருந்து வலமாக ஒருமுறைதான் பார்க்கும். கேட்பவர் முன்னால், கொடுப்பவர் பின்னால் நிற்க வேண்டும். முதலில் நிரல், பிறகு லாபாக், அதற்குப் பிறகு பிளாஸ்.

கட்டி முடிந்து ஓடவிட்டால் 'நூலகத்தைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பு இல்லை' என்றது. கட்டும்போது கண்ட இடத்தை ஓடும்போது அது தானாக நினைவில் வைத்திராது. 'எல்டிடி' என்ற கட்டளை எது எங்கே இருக்கிறது, எது காணப்படவில்லை என்று வரி வரியாகச் சொன்னது. தொடுக்கும்போதே 'ஆர்பாத்' என்று வீட்டின் பாதையை நிரலுக்குள் எழுதிவிட்டோம். இனி அது எங்கிருந்து ஓடினாலும் வீட்டை மறக்காது.

எங்களில் ஒருவருக்கு அகதி வழக்கில் இரண்டு முறை நிராகரிப்பு வந்தது. 'போதியதாக இல்லை' என்று கடிதத்தில் இருந்தது. எது போதவில்லை, எங்கே தேடினார்கள் என்று வாசித்தறிய அதற்குள் ஒரு லொக் கோப்பு இருக்கவில்லை. இயந்திரம் இரக்கமில்லாதது என்று சொல்வார்கள். எது குறைகிறது என்று பெயர் சொல்லி மறுப்பதும் ஒருவகை மரியாதை என்று இந்தப் பிற்பகல்களில் எங்களுக்குப் பட்டது.

ஏழு கிழமை எடுத்தது. நிரல் கோப்பைத் திறந்ததும் முதலில் பார்த்தது வருடாந்த மாற்றத்தை அல்ல. 1995 ஒக்ரோபர் 30, பின்னேரத்திலிருந்து விடியும்வரை. அன்று வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தபோது பௌதிகம் படித்தவர் சிறுபிள்ளை, தாயின் கையில் தொங்கியபடி. மழை பெய்தது என்று எல்லோரும் சொல்வார்கள்.

திரையில் மணிக்கு ஒரு எண் வந்தது. ஆனால் அது மானியில் அளந்த மழை அல்ல, ஏறக்குறைய 28 கிலோமீற்றர் அகலமான சதுரத்துக்கு ஒரு மொடல் போட்ட கணிப்பு. குடாநாடு முழுவதும் அப்படியான சில சதுரங்களுக்குள் அடங்கிவிடும். நாவற்குழிப் பாலத்தில் நின்றவரின் தலையில் விழுந்தது அதற்குத் தெரியாது. ஆகவே தாயாருக்குத் தொலைபேசி எடுத்து மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று கேட்டோம். 'பொழுதுபட்டாப் பிறகுதான் தம்பி. பாலத்தடியில நிக்கேக்க நல்லாப் பெய்தது. மணி ஆர் பார்த்தது?' என்றார்.

அதை அப்படியே கொப்பியில் எண்களுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறோம். அந்த நிரலில் இப்போது ஒரு வரிதான் இருக்கிறது. இதை வாசிக்கும் உங்களில் அன்றிரவு நடந்தவர்கள் பலர் இருப்பீர்கள். செம்மணியிலோ கைதடியிலோ சாவகச்சேரி வீதியிலோ எந்த இடத்தில் நின்றபோது நனைந்தீர்கள், இருட்டியதும் நனைந்தீர்களா விடியப்புறமா என்று இரண்டு வரி எழுதி இச்சஞ்சிகைக்கு அனுப்புங்கள். மணி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் நாங்கள் அதைப் பதிவோம்.